சமையல் புத்தகம் சாம்பார் வைக்குமா?

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

1993-94ல் பன்னிரண்டாம் வகுப்பு 'ஏ' பிரிவில் இருந்தவர்களுக்குத் தலைப்பைப் பார்த்ததுமே சிரிப்பு வந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று டி.என்.ஏ. பாடம். நான் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். உடம்புக்குள் வேலை செய்வதெல்லாம் புரதம். செரிக்க வைப்பது, ஆக்சிஜனைச் சுமப்பது, நோய்க்கிருமியைப் பிடிப்பது எல்லாமே புரதத்தின் வேலை. டி.என்.ஏ. வெறும் குறிப்பு. அது சமையல் புத்தகம், புரதம்தான் சமையல்காரர். பின்பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "சார், ஆன்ட்டிபாடி கிருமியப் பிடிக்கிற மாதிரி டி.என்.ஏ.வால எதையும் பிடிக்க முடியாதா சார்?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "ஏல, சமையல் புஸ்தகம் எங்கயாவது சாம்பார் வைக்குமாலே?" என்றேன். வகுப்பே சிரித்து உருண்டது. மணி அடித்தது. அந்தப் பையனுக்கு அன்றிலிருந்து 'சாம்பார்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வருஷம் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாகவும் நினைவில்லை.

(அவன் பெயரை நான் போடவில்லை. கமெண்டில் நீங்களும் போடாதீர்கள்.)

இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு மாணவி வீட்டுக்கு வந்திருந்தாள். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை. "என்னம்மா பண்ணுறே?" என்று கேட்டேன். "டி.என்.ஏ.வை வச்சு புரோட்டீனைப் பிடிக்கிறோம் சார்" என்றாள். எனக்குக் காபி தொண்டையில் நின்றுவிட்டது. "ஆப்டமர்னு பேர் சார். 1990லயே வந்துடுச்சு" என்றாள்.

1990. நான் அந்தப் பையனைக் கேலி செய்ததற்கு மூன்று வருஷம் முன்னால்.

தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் படம் போட்டுக் காட்டினாள். அதற்குப் பிறகு மூன்று மாதமாக அவள் வாட்ஸப்பில் அனுப்பும் கட்டுரைகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து வருகிறேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

நான் எங்கே தப்பு செய்தேன்? டி.என்.ஏ. என்றால் இரண்டு இழை முறுக்கிய ஏணி என்று பலகையில் வரைவேனே, அந்தப் படத்தில்தான். இரண்டு இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் வரை அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள். ஒற்றை இழையாக விட்டால் கதை வேறு. ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி என்று ஜோடி தேடும் குணம் அதற்குப் போகாது. பக்கத்தில் வேறு இழை இல்லாவிட்டால் தன் உடம்பிலேயே ஜோடி தேடி வளையும், மடங்கும், முடிச்சாகும். எந்த இடத்தில் எப்படி மடங்கும் என்பதை எழுத்து வரிசை தீர்மானிக்கிறது. மடங்கியபின் அதற்கு மேடும் பள்ளமும் உள்ள ஓர் உருவம் வந்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தில் பொருந்துகிற புரதம் ஏதாவது இருந்தால் போய் ஒட்டிக்கொள்கிறது.

நம் ஊர்ப் பனையோலையை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாணியால் கீறினால் சுவடி. அதே ஓலையை மடக்கிக் கட்டினால் பதநீர் குடிக்கப் பட்டை. பனங்காட்டுக்குள் பிறந்து வளர்ந்த எனக்கு வகுப்பில் இந்த உதாரணம் தோன்றாமல் சமையல் புத்தகம் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

சரி, எந்த வரிசை எந்தப் புரதத்தைப் பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதுவதில்லை. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

எங்கள் அப்பா விதைநெல் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வயலில் நடந்து நல்ல கதிரை மட்டும் பார்த்துப் பறிப்பார். அடுத்த பூவுக்கு அதை விதைப்பார். அதிலும் நல்லதை மட்டும் எடுப்பார். ஆப்டமர் எடுப்பதும் இதேதான். முதலில் நடுவில் 40 எழுத்து எப்படி வேண்டுமானாலும் இருக்கும்படி கலந்துகட்டி டி.என்.ஏ. இழைகளைச் செய்துகொள்கிறார்கள். ஒரு சின்னக் குழாயில் கோடி கோடி வரிசை இருக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கிய எண்ணிக்கை. அதை நமக்கு வேண்டிய புரதத்தின் மேல் ஊற்றுகிறார்கள். பெரும்பாலானவை ஒட்டாது. கழுவினால் போய்விடும். ஒட்டி நின்ற கொஞ்சத்தை மட்டும் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். முறையில் நகலெடுத்துப் பெருக்கி, மறுபடியும் அதே புரதத்தின் மேல் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் புரதத்தைக் குறைத்து, கழுவுவதைக் கூட்டுகிறார்கள். போட்டி கடுமையாகும். நடுவில், எதில் ஒட்டக் கூடாதோ அந்தப் பொருட்களின் மேலும் ஊற்றி, அங்கே ஒட்டுகிறவற்றைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பத்துச் சுற்றுப் போல ஓடினால் மிஞ்சுவது கெட்டியாகவும் பிறழாமலும் பிடிக்கிற சில வரிசைகள்.

இதை 1990ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் செய்தன. கொலராடோவில் கிரெய்க் ட்யூர்க்கும் லாரி கோல்டும் ஒரு குழு. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸின் புரதம் ஒன்று ஆர்.என்.ஏ.வில் ஓரிடத்தைப் பிடிக்கும். அந்த இடத்தில் இருக்கும் 8 எழுத்தையும் கலைத்துப் போட்டார்கள். நாலு எழுத்து, எட்டு இடம், 65,536 வரிசை. (கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.) கடைசியில் ஜெயித்தவை இரண்டு. ஒன்று இயற்கையில் ஏற்கெனவே இருந்த அதே வரிசை. இன்னொன்று அதிலிருந்து நாலு எழுத்து மாறியது, இயற்கை எழுதாதது. ஆனால் பிடிப்பில் இயற்கையின் வரிசைக்குச் சளைத்ததில்லை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு குழு பாஸ்டனில் ஆண்ட்ரூ எல்லிங்டனும் ஜாக் ஷோஸ்டாக்கும். 'ஆப்டமர்' என்று பெயர் வைத்தவர்கள் இவர்கள்தான். பொருந்துவது என்ற லத்தீன் சொல்லையும், பகுதி என்ற கிரேக்கச் சொல்லையும் ஒட்டிய பெயர். ஷோஸ்டாக் பிறகு 2009ல் வேறு ஒரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு வாங்கினார்.

இவையெல்லாம் ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ. வேலையும் செய்யும் என்பதற்கு 1989லேயே நோபல் கொடுத்திருந்தார்கள். அது பத்திரிகையில் நான் படித்த செய்திதான். படித்ததை வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். டி.என்.ஏ.வும் புரதத்தைப் பிடிக்கும் என்று 1992ல் காட்டினார்கள். பிடித்தது த்ராம்பின் என்ற, ரத்தம் உறைய உதவும் புரதத்தை. பிடித்த இழையின் நீளம் வெறும் 15 எழுத்து. ஜிஜி டிடி ஜிஜி டிஜிடி ஜிஜி டிடி ஜிஜி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மிருதங்கச் சொல்லு மாதிரி இருக்கும். கடைசியிலிருந்து திருப்பி வாசியுங்கள், விகடகவி மாதிரி அதே வரிசைதான் வரும். அதில் எட்டு ஜி-க்கள் நாலு நாலாகக் கைகோத்து இரண்டு அடுக்காக உட்கார்ந்துகொள்கின்றன. இந்தத் துணுக்குதான் தன்னைப் போல எட்டு மடங்கு எடையுள்ள புரதத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

பிடிப்பது ஒரு பாதி. இன்னொரு பாதி, அது பிடித்திருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். புரதம் கொஞ்சமே கொஞ்சம் இருந்தால் என்ன செய்வது? புரதத்தை நகலெடுக்க வழியில்லை. டி.என்.ஏ.வை நகலெடுக்கலாம். ஒரு இழையை 30 தடவை இரட்டிப்பாக்கினால் 107 கோடி. ஆக, பிடிக்கிற கையே டி.என்.ஏ.வாக இருந்தால், புரதத்தைப் பெருக்க முடியாவிட்டாலும் அதைப் பிடித்த கையைப் பெருக்கிப் பார்த்துவிடலாம்.

ஸ்வீடனில் உப்சாலாக்காரர்கள் 2002ல் செய்தது இதுதான். அவர்கள் தேடியது பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. இரண்டு ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்த இரட்டைப் புரதம். அதைப் பிடிக்கிற டி.என்.ஏ. ஆப்டமரை இரண்டு கூட்டமாகச் செய்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு வால் வைத்தார்கள். ஒரே புரதத்தின் இரண்டு பக்கத்திலும் இரண்டு ஆப்டமர் உட்கார்ந்தால் வால்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். அப்போது ஒரு நொதி இரண்டு வாலையும் ஒட்டிவிடும். ஒட்டிய வால் மட்டும்தான் பி.சி.ஆரில் பெருகும். புரதம் இல்லையென்றால் வால்கள் எங்கெங்கோ அலையும், சேராது, பெருகாது. இப்படி அவர்கள் கண்டுபிடித்த மிகக் குறைந்த அளவு 24,000 மூலக்கூறுகள். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? ஒரு சொட்டுத் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளை எழுத ஒன்றுக்குப் பின்னால் 21 சைபர் போட வேண்டும்.

பெருக்காமலே மின்சாரத்தால் பார்க்கும் வழியும் உண்டு. தங்கத் தகட்டில் ஆப்டமரின் ஒரு முனையை நட்டுவிட்டு, மறுமுனையில் மெத்திலீன் நீலத்தைத் தொங்கவிடுகிறார்கள். புரதம் வந்து உட்கார்ந்ததும் இழை உருவம் மாறும், நீலம் தகட்டை விட்டு விலகும், மின்னோட்டம் குறையும். கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவில் 2005ல் த்ராம்பினை இப்படிக் கண்டுபிடித்தார்கள். மெத்திலீன் நீலம் ஞாபகம் இருக்கிறதா? கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி ஸ்லைடில் தடவி, ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போமே, அதே நீலம்தான். சட்டையில் கொட்டிக்கொண்டு வீட்டில் அடி வாங்கியவர்கள் கை தூக்கலாம்.

இனி எழுதப்போவது சொந்தக்காரர்களுக்கு, முக்கியமாக அக்காவுக்கு. அக்கா, உன் பேத்தியை வாசித்துக் காட்டச் சொல்.

1986ல் அக்கா மகன் போனது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆறு வயசு. என்னை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு முதுகில் ஏறுவான். காய்ச்சல், வாந்தி, தலைவலி, பிறகு பிதற்றல். டைபாய்டு என்றார்கள். அப்புறம் முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கி வந்தவன் நான். காசநோய்க் கிருமி இல்லை என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை நம்பி நான்தான் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். அதே நீரைக் கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து அந்த ரிப்போர்ட் வந்தது. காசநோய், மூளைச் சவ்வில்.

அக்கா இன்றைக்கு வரை சொல்வது ஒன்றே ஒன்று. "ரெண்டு நா கோயில்ல திருநீறு போட்டுக்கிட்டு இருந்துட்டேன் தம்பி. முந்தியே கொண்டு போயிருந்தா பெழச்சிருப்பான்லா."

அக்கா, நான் அறிவியல் வாத்தியார், பொய் சொல்ல மாட்டேன். இந்த நோயில் மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பது உண்மைதான். ஆனால் மருந்து தொடங்க வேண்டுமென்றால் நோய் என்னவென்று தெரிந்திருக்க வேண்டுமே. சளியில் கூட ஒரு மில்லியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தட்டுப்படும். தண்டுவட நீரில் இந்தக் கிருமி மிகவும் கொஞ்சம்தான் இருக்கும். அதனால் நோய் இருப்பவர்களிலேயே பெரும்பாலானோருக்கு ஸ்லைடில் ஒன்றும் தெரியாது. வளர்த்துப் பார்த்தால் தெரியும், ஆனால் அதற்கு ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். பிள்ளை அத்தனை வாரம் காத்திருக்கவில்லை. நீ ரெண்டு நாள் முன்னால் கொண்டு போயிருந்தாலும் அந்த ஸ்லைடில் பெரும்பாலும் அதேதான் எழுதியிருப்பார்கள். 'இல்லை' என்று எழுதியிருந்தார்களே, 'எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தைரியம் சொன்னவன் நான். பழி போடுவதென்றால் எனக்கும் கொஞ்சம் பங்கு கொடு.

அந்த மாணவி அனுப்பியதில் ஒரு கட்டுரை இதைப் பற்றித்தான். ஃபரிதாபாத்தில் ஓர் ஆய்வு நிறுவனமும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து செய்த வேலை, 2018ல் வந்தது. காசநோய்க் கிருமி பதுங்கியிருக்கும்போது நிறையச் செய்யும் ஒரு புரதம் உண்டு, ஹெச்.எஸ்.பி.எக்ஸ். என்று பெயர். கிருமியைத் தேடாமல், அது விட்டுச் செல்லும் அந்தப் புரதத்தைத் தண்டுவட நீரில் தேடுகிறார்கள், டி.என்.ஏ. ஆப்டமரை வைத்து. திருடன் ஆள் அகப்படாவிட்டாலும் விட்டுப்போன துண்டை வைத்துக் கண்டுபிடிப்பது மாதிரி. வாரக்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில் முடிவு தெரியும். இந்தக் கட்டுரையை நான் நாலு தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை அறிவியலுக்காகப் படிக்கவில்லை.

இதை வைத்து நாளைக்கே எல்லாம் மாறிவிடும் என்று ஃபார்வர்டு மெசேஜ் போட்டுவிடாதீர்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் மாரடைப்புக்கு எடுக்கும் ட்ரோபோனின் டெஸ்ட், வீட்டில் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை எல்லாமே ஆன்ட்டிபாடியில் ஓடுகிறவைதான். ஆன்ட்டிபாடிக்குப் பல வருஷ அனுபவம், பழகிய தொழிற்சாலை, எல்லாம் இருக்கிறது. ஆப்டமருக்கு வேறு தொல்லைகள். ரத்தத்தில் டி.என்.ஏ.வை அரித்துத் தின்னும் நொதிகள் உண்டு. ஆய்வகத்தில் சுத்தமான உப்பு நீரில் அழகாகப் பிடித்தது, ரத்தத்தில் போட்டால் வழி தவறிவிடும். உப்பின் அளவு மாறினாலே மடிப்பு மாறிவிடும். அந்த மாணவியே, "பத்து வரிசை எடுத்தா ஒம்போது ரத்தத்துல கவுத்திரும் சார்" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். மூளைக் காசநோய்க்கு இப்போது ஜீன்எக்ஸ்பர்ட் என்ற கருவியில் பார்க்கிறார்கள். அதிலும் 'இல்லை' என்று வந்தால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அறிகுறியைப் பார்த்து டாக்டர்கள் மருந்தைத் தொடங்கிவிடுவதும் அதனால்தான்.

ஆனாலும் எனக்கு ஆப்டமர் மேல் ஒரு பிரியம். அதைச் செய்ய முயலுக்கோ ஆட்டுக்கோ ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டாம். வரிசை தெரிந்தால் போதும், எந்த ஊரிலும் மெஷினில் செய்துகொள்ளலாம். சூடுபட்டு மடிப்பு குலைந்தாலும் ஆறவிட்டால் பெரும்பாலும் பழையபடி மடங்கிக்கொள்ளும். சூட்டில் கெட்ட ஆன்ட்டிபாடியைக் கொட்ட வேண்டியதுதான். மே மாத வெயிலில் கரண்ட் போய்ப் போய் வருகிற ஆரம்ப சுகாதார நிலையத்து ஃப்ரிட்ஜை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை 93-94 செட் வாட்ஸப் குழுவில் நம்பர் வாங்கி அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். பையன் என்ன, ஐம்பதை நெருங்கிவிட்டான். தூத்துக்குடி ரோட்டில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறான். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றிருப்பான் போல, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். "அன்னைக்கு நீ கேட்டதுதான்டே சரி. நான் சொன்னது தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சிரித்தான். "அத விடுங்க சார். இன்னமும் பயலுவ போன்ல சாம்பார்னுதான் சேவ் பண்ணி வச்சிருக்கானுவ" என்றான்.

அதற்குப் பிறகு, கடைக்கு வந்த ஆளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, "சரி சார், ஒட்டுன பிறகு அதக் கழட்ட முடியுமா?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். மாணவியிடம் கேட்டேன். கழற்றலாமாம். அந்த வரிசைக்கு நேர் ஜோடியாக இன்னொரு இழை எழுதி உள்ளே விட்டால், ஆப்டமர் புரதத்தை விட்டுவிட்டு அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளுமாம். மடிப்பு பிரிந்து பழைய ஏணி ஆகிவிடுமாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆப்டமருக்கு மாற்று மருந்தாகவே இதைச் செய்து பார்த்திருக்கிறார்களாம். அன்று ராத்திரியே அவனுக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டேன். காலையில் பார்த்தால் அடுத்த கேள்வி வந்திருக்கிறது.